குருவிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. உங்கள் பள்ளி ஆய்வகத்திலோ வகுப்பறை அலமாரியின் மேலோ தூக்கணாங்குருவிக் கூடு வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

பாதிக்கு மேல் கைகள். எனக்கு வியப்பில்லை. அரியலூர்ப் பக்கம் என்றால் கல்லாகிப்போன சிப்பிகள் நாலு இருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் என்றால் சாத்தனூர்க் கல்மரத்தின் படம் ஒன்று இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தூக்கணாங்குருவிக் கூடு இருக்கும். எங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவரச் சொன்னது நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், அறிவியல் கண்காட்சிக்காக ஏழாம் வகுப்பில் ஒரு கூடு கேட்டேன். "நல்லா முழுசா இருக்கிறதாப் பாத்துக் கொண்டாங்கடா" என்றேன். ஒரு மாணவன், கிணற்றின் மேல் கவிழ்ந்திருந்த கருவேலங்கிளையிலிருந்து தொரட்டியால் அறுத்து, துணிப்பையில் போட்டு சைக்கிளில் கொண்டுவந்தான். நீண்ட குழாய் வாசலோடு அப்படி ஒரு அழகான கூடு. தொங்கவிட நூல் கட்டும்போது உள்ளே ஏதோ உருண்டது. மூன்று வெள்ளை முட்டைகள். ஒன்று உடைந்து, உருவாகியிருந்த குஞ்சு வெளியே தெரிந்தது. பையனின் முகம் வாடிவிட்டது. முட்டைகளைத் தோட்டத்தில் புதைக்கச் சொல்லிவிட்டு, கூட்டைக் கண்காட்சியில் வைத்தேன். பரிசும் கிடைத்தது.

அன்று ஒரு மாணவி கேட்டாள்: "சார், இவ்ளோ அழகாப் பின்ன அதுக்கு யாரு சார் சொல்லிக்கொடுத்தா?"

"அது பிறவிக் குணம்மா. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

முட்டை உடைந்த வருத்தம் அன்றே வந்தது. அந்தப் பதிலைப் பற்றிய வருத்தம் வரப் பல ஆண்டுகள் ஆயின. பாடும் பறவைகள் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் குழந்தை கேட்டது உலகத்தின் நல்ல ஆய்வகங்கள் 70 ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி என்று தெரிந்தது. அவற்றில் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குயில் பாடும் பறவை இல்லை

நம் மாணவர் இதழ் ஒன்றுக்கே 'தேன்சிட்டு' என்று பெயர். தேன்சிட்டு ஒரு பாடும் பறவை. வேறு பாடும் பறவைகளைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால் முதல் பதில் 'குயில்' என்றுதான் வரும். விலங்கியல் வகைப்பாட்டில் குயில் பாடும் பறவை அல்ல. காகம்தான் பாடும் பறவை! மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, கரிச்சான், சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி எல்லாம் இந்தப் பிரிவில் வருகின்றன. உலகிலுள்ள 10,000-க்கும் மேற்பட்ட பறவையினங்களில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு பிரிவைச் சேர்ந்தவை.

காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்பது இங்கே அளவுகோல் அல்ல. நமக்குக் குரல்வளை மூச்சுக்குழாயின் மேற்பகுதியில் இருக்கிறது. பறவைக்கு ஒலியுறுப்பு மூச்சுக்குழாயின் அடியில், அது இரண்டு கிளையாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. இதற்கு சிரிங்ஸ் என்று பெயர். பாடும் பறவைகளில் இந்த உறுப்பின் தசைகள் நுட்பமாக வளர்ந்திருக்கின்றன. இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே ஒலி எழுப்பக்கூடியவை. ஆனால் உறுப்பைவிட முக்கியமான வேறுபாடு மூளையில் இருக்கிறது. பாடும் பறவை தன் பாட்டைக் கேட்டுக் கற்கிறது.

இதைப் புரியவைக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது என்பது ஊரறிந்த கதை. காகம் ஊட்டி வளர்த்த குயில் குஞ்சு, வளர்ந்த பிறகு 'கா' என்றா கரைகிறது? குயிலைப் போலத்தான் கூவுகிறது. அதற்குத் தன் இனத்தின் குரல் பிறவியிலேயே இருக்கிறது. இந்த இடத்தில் 'பிறவிக் குணம்' என்ற என் பதில் சரி.

இனி அடுத்த பக்கம். ஜெர்மானிய ஆய்வாளர் கிளவுஸ் இம்மெல்மன், ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற ஆஸ்திரேலியக் குருவியின் குஞ்சுகளை பெங்காலி ஃபிஞ்ச் என்ற வேறு இனப் பறவைகளிடம் வளர்க்கக் கொடுத்தார். பெங்காலி ஃபிஞ்ச் என்பது நம் ஊர்த் தினைக்குருவிக்கு உறவான வளர்ப்புப் பறவை. குஞ்சுகள் பெரியவையானதும் தங்கள் இனத்தின் பாட்டைப் பாடவில்லை. வளர்த்த தந்தையின் பாட்டைப் பாடின.

குயில், ஜீப்ரா ஃபிஞ்ச் இரண்டுமே மாற்றான் கூட்டில் வளர்ந்தவைதான். ஒன்று பிறவிக் குரலோடு நின்றது. மற்றது வளர்த்தவரின் பாட்டைக் கற்றது. 'பறவைக்கு எல்லாம் பிறவியிலேயே தெரியும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துவிடுகிறது.

மழலை, பயிற்சி, பாட்டு

இந்த ஆய்வை 1950-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப் தொடங்கிவைத்தார். சாஃபிஞ்ச் என்ற குருவியின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டு காதில் விழாமல் வளர்த்தார். அவை பாடின. ஆனால் அது எளிமையான, குறைபட்ட பாட்டாக இருந்தது. பின்னர் அமெரிக்காவில் பீட்டர் மார்லர் வேறொரு குருவியில், பாட்டைக் கேட்டுக் கற்பதற்கு இளமையில் ஒரு குறிப்பிட்ட பருவம் இருப்பதைக் காட்டினார். அந்தப் பருவத்தில் கேட்காவிட்டால் பிறகு கற்பது மிகக் கடினம்.

கற்கும் முறையும் நமக்குப் பழக்கமானதுதான். முதலில் குஞ்சு கேட்கிறது. பிறகு தெளிவில்லாமல் முணுமுணுக்கிறது. இதைக் குழந்தையின் மழலையோடு ஒப்பிடுவார்கள். அடுத்து, துண்டு துண்டாகப் பாடிப் பார்த்துத் திருத்துகிறது. கடைசியில் பாட்டு ஒரு வடிவத்தில் நிலைபெறுகிறது. ஜீப்ரா ஃபிஞ்சுக்கு இது முழுவதும் சுமார் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஒலிபெருக்கியில் கேட்பதைவிட, எதிரே இருக்கும் உயிருள்ள பறவையிடமிருந்து நன்றாகக் கற்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஆசிரியர்களான நமக்கு இது கேட்க இனிக்கும்!

1965-இல் மசகாசு கொனிஷி வெளியிட்ட ஆய்வு மிக முக்கியமானது. பெரிய பறவையின் பாட்டைக் கேட்டு முடித்த, ஆனால் தான் இன்னும் பாடத் தொடங்காத இளம் பறவைகள் கேட்கும் திறனை இழந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். அவற்றுக்கு இயல்பான பாட்டு வரவில்லை. அதாவது, முன்மாதிரியைக் கேட்டது மட்டும் போதாது. தன் குரலைத் தானே கேட்டு, நினைவில் உள்ளதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, ஒன்றாம் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை 'மந்தம்' என்று முடிவுகட்டும் முன், அதற்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். குருவி நமக்குச் சொல்லித்தருவது இதுவும்தான்.

1980-களில் ஃபெர்னாண்டோ நோட்டிபோம் குழுவினர், வளர்ந்த கேனரிப் பறவையின் மூளையில் புதிய நரம்பு செல்கள் உருவாவதைக் காட்டினர். 'வளர்ந்த மூளையில் புதிய நரம்பு செல் தோன்றாது' என்று பாடப்புத்தகங்கள் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வாக்கியத்தை அசைத்ததில் ஒரு சிறு குருவிக்கும் பங்கு உண்டு.

ஊருக்கு ஊர் மாறும் பாட்டு

பாட்டைக் கற்றுக்கொள்வதால் ஒரு விளைவு உண்டு. நம் பேச்சு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதுபோல், பறவையின் பாட்டும் இடத்துக்கு இடம் மாறும். இதற்கு நம் மாநிலத்தோடு தொடர்புடைய சான்றே இருக்கிறது.

2024 ஜனவரியில் நம் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே சமயம் சேர்ந்த இன்னொரு தமிழ்நாட்டு இடம் நீலகிரியின் லாங்வுட் சோலை. அத்தகைய சோலைக்காடுகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் தனித்தனித் தீவுகள்போல் இருக்கின்றன. அங்கே மட்டும் வாழும் ஒரு சிறு பறவைக் கூட்டத்தை இன்று ஷோலிகோலா என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். சேத்தனா புருஷோத்தம், வி. வி. ராபின் இருவரும் அவற்றில் ஆறு இடங்களைச் சேர்ந்த 38 பறவைகளின் 835 பாட்டுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். பழங்காலப் பள்ளத்தாக்குகளால் பிரிந்த பறவைகளின் பாட்டுகள் வேறுபட்டிருந்தன. அதுமட்டுமல்ல, அண்மைக் காலத்தில் காடு அழிந்ததால் பிரிந்துபோனவற்றின் பாட்டிலும் சில கூறுகள் மாறியிருந்தன. மரபணுச் சோதனையில் தெரியாத பிரிவு பாட்டில் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கவலைதரும் செய்தி. ரீஜென்ட் தேனுண்ணி என்ற பறவையில் இன்று சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. கற்றுத்தரப் பெரிய பறவைகள் அருகில் இல்லாததால், சுமார் 12 விழுக்காடு ஆண்கள் வேறு இனங்களின் பாட்டைப் பாடுகின்றன என்று 2021-இல் அறிவித்தார்கள். அப்படிப் பாடும் ஆணைத் தன் இனப் பெண் எளிதில் ஏற்பதில்லை. எண்ணிக்கை குறைந்தால் பாட்டு அழிகிறது. பாட்டு அழிந்தால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

கூட்டுக்கு வருவோம்

அந்த மாணவி கேட்டது பாட்டைப் பற்றி அல்ல, பின்னுவதைப் பற்றி. அதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். நிக்கோலஸ் கொலியஸ், எல்சி கொலியஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் நம் தூக்கணாங்குருவிக்கு உறவான ஆப்பிரிக்கக் குருவிகளை ஆராய்ந்தனர். பச்சைப் புல்லோ ஓலையோ கொடுக்காமல் வளர்க்கப்பட்ட இளம் ஆண் குருவிகள், பின்னால் அவற்றைக் கொடுத்தபோது பின்ன மிகவும் தடுமாறின. பழகப் பழகத்தான் தேறின. போட்ஸ்வானாவில் இன்னொரு இனத்தைப் படம்பிடித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே குருவிகூடக் கூட்டுக்குக் கூடு முறையை மாற்றுகிறது என்றும், அனுபவம் கூடக் கூடப் புல்லைக் கீழே தவறவிடுவது குறைகிறது என்றும் காட்டியது.

ஆக, பின்ன வேண்டும் என்ற உந்துதல் பிறவியில் வருகிறது. பின்னும் கை, மன்னிக்கவும், பின்னும் அலகு பழக்கத்தில் வருகிறது. என் பதில் பாதிதான் சரி.

நான் சொன்ன இன்னொரு தவறு. பாதியில் நிற்கும் கூடுகளைக் காட்டி, "அது சோம்பேறிக் குருவி, விட்டுட்டுப் போயிடுச்சு" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையைக் கண்டறிந்தவர் சாலிம் அலி. 1930-இல் ஜெர்மனியில் படித்துத் திரும்பியபோது, பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலை இல்லாமல் போயிருந்தது. அலிபாக் அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். வீட்டுக்கு அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். 1931-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அது கட்டுரையாக வந்தது.

அவர் கண்டது இதுதான். கட்டுவது ஆண். ஹெல்மெட்டைக் கவிழ்த்ததுபோன்ற நிலை வரை கட்டிவிட்டு நிறுத்தும். அப்போது பெண் குருவிகள் வந்து பார்வையிடும். ஆண்கள் சிறகடித்துக் கூட்டமாகக் குரலெழுப்பும். ஒரு பெண் கூட்டை ஏற்றுக்கொண்டால்தான் ஆண் மேற்கொண்டு குழாயைப் பின்னி முடிக்கும். முட்டைகள் இட்டபின் அந்த ஆண் அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கும், அடுத்த துணைக்காக. அடைகாப்பது பெண் மட்டுமே. பாதிக் கூடு சோம்பலின் அடையாளமில்லை. பெண் பார்த்து முடிவுசெய்யக் காத்திருக்கும் வீடு, அல்லது அது வேண்டாம் என்று ஒதுக்கிய வீடு.

இதை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு கூடு முடிக்க ஆண் குருவி 500 முறை வரை பறந்து நார் கொண்டுவருகிறது. பெண் ஏற்ற பிறகுதான் கூடு முழுமையாகிறது. அப்படியானால், 'நல்லா முழுசா இருக்கிற' கூடு என்று நான் கேட்டது எதை? முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை. அந்த மாணவன் தவறு செய்யவில்லை. நான் கேட்டதைச் சரியாகத்தான் கொண்டுவந்தான்.

மின்மினிப் பூச்சியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கு வைக்கும் என்ற கதையையும் நான் சொல்லியிருக்கிறேன். களிமண் இருப்பது உண்மை. ஆனால் ஆண் குருவி அதை ஹெல்மெட் நிலையிலேயே, இரண்டு பக்கமும் திறந்து வெளிச்சமாக இருக்கும்போதே பூசிவிடுகிறது. விளக்கு தேவைப்படாத நேரத்தில் எதற்கு விளக்கு? இதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கதையைப் பிடுங்கிக்கொண்டதாக நினைக்க மாட்டார்கள். துப்பறியத் தொடங்குவார்கள்.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

கரைவெட்டிக்கு வரித்தலை வாத்து பார்க்க அழைத்துப் போவது நல்லதுதான். ஆனால் அதற்கு வண்டி வேண்டும், அனுமதி வேண்டும். தூக்கணாங்குருவிக்கு எதுவும் வேண்டாம். நெல்வயலோ கரும்புத் தோட்டமோ பக்கத்தில் இருந்து, பனையோ கருவேலோ நின்றால் போதும். மழைக்காலம் ஒட்டிக் கட்டத் தொடங்கும்.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். திறந்த கிணற்றோரம் உள்ள மரம் வேண்டாம். இருந்தாலும் தொலைவில் நின்றே பார்க்க வேண்டும். நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, பாதிக் கூடுகள் எத்தனை, முழுக் கூடுகள் எத்தனை, பத்து நிமிடத்தில் ஒரு ஆண் எத்தனை முறை நார் கொண்டுவந்தது. வாரம் ஒருமுறை, எட்டு வாரம். மரத்தின் எந்தத் திசையில் கூடுகள் அதிகம், காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று உயர்நிலை வகுப்பினர் சேர்த்துக் குறிக்கலாம். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு எண்ணுவதே போதும். வானவில் மன்றச் செயல்பாட்டோடு இதை இணைக்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் பதிவும் இடம்பெறலாம்.

பாட்டுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். காலையில் வரும் வழியில் கேட்ட குரல்களை எழுத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். ஒரே பறவையை ஒருவன் ஒரு மாதிரியும் இன்னொருத்தி வேறு மாதிரியும் எழுதிவருவார்கள். எது சரி என்று விவாதம் வந்தால் வகுப்பு வெற்றி. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது மட்டும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, அடைகாக்கும் காலத்தில் அவை அலைக்கழியும்.

கூட்டை எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சேதப்படுத்துவதையும் வேட்டை என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. பழைய கூடுதானே என்றும் நினைக்க வேண்டாம். தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் தினைக்குருவிகள் குடியேறுவது உண்டு. கண்காட்சிக்குக் கூடு வேண்டாம். பிள்ளைகளின் எட்டு வார அட்டவணையை வையுங்கள். நடுவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் பள்ளிக் கூடு இன்னும் அலமாரியின் மேல்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. 'தூக்கணாங்குருவிக் கூடு' என்று மட்டும் எழுதியிருந்த அட்டையை மாற்றிவிட்டேன். இப்போது அதில் இப்படி இருக்கிறது: 'மூன்று முட்டைகளோடு எடுக்கப்பட்டது. ஆசிரியர் கேட்டதால்.'

ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் கதையைச் சொல்கிறேன். முடித்ததும் அந்தப் பழைய கேள்வி யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது: "அப்ப அதுக்கு யாரு சார் சொல்லிக்கொடுத்தா?" நான் இப்போது பதில் சொல்வதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரச் சொல்கிறேன்.